இடுப்பு முள்ளெலும்பு நகர்வுக்கு ஆபரேஷன்: அடுத்த பத்து ஆண்டுகளை எப்படிக் கவனிப்பது

"ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?" என்ற கேள்விக்கு எந்த டாக்டராலும் ஒரே வார்த்தையில் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எது சரியாக வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கால் வலியா, முதுகு வலியா? நடக்க முடியவில்லையா, நிற்க முடியவில்லையா? ஸ்பாண்டிலோலிஸ்தெஸிஸ் எனப்படும் முள்ளெலும்பு நகர்வுக்கான ஆபரேஷன், நசுங்கிக் கிடக்கும் நரம்பை விடுவிப்பதில் கெட்டி. பல வருட முதுகு வலியை முழுக்கத் துடைத்தெடுப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. பத்து வருடம் கழித்து "நல்லா இருக்கேன்" என்பவர்களும் "ஏன்தான் செய்துகொண்டேனோ" என்பவர்களும் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியில்தான் பிரிகிறார்கள். அதனால் ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்திலிருந்தே கவனிக்கத் தொடங்க வேண்டும்.

உங்களுடையது எந்த நகர்வு

பெரியவர்களிடம் இரண்டு வகைதான் அதிகம். முதலாவது தேய்மான வகை. முள்ளெலும்புகளை இணைக்கும் சின்ன மூட்டுகளும் டிஸ்கும் தேய்ந்து, மேல் எலும்பு முன்னால் சரியும். ஐம்பது வயதுக்கு மேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு, பெரும்பாலும் எல் 4 – எல் 5 இடத்தில் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே) வரும். நரம்புக் குழாய் இறுகிவிடுவதால் நடக்க நடக்கக் கால் மரத்துக் கனக்கும்; உட்கார்ந்தாலோ குனிந்தாலோ தணியும். சைக்கிள் மிதிக்க முடிகிறது, கடைத்தெருவரை நடக்க முடியவில்லை என்றால் சந்தேகம் முதலில் இதன்மேல்தான் போக வேண்டும்.

இரண்டாவது, முள்ளெலும்பின் பின்வளைவில் இருக்கும் மெல்லிய பாலம் இளம் வயதிலேயே விரிசல் விட்டு, எலும்பு நகரும் வகை. இது பெரும்பாலும் எல் 5 – எஸ் 1 இடத்தில் (கடைசி இடுப்பு முள்ளெலும்பும் அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பும் சேரும் இடம்) வரும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு இந்த விரிசல் அடிக்கடி வருவது விளையாட்டு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் எல் 5 நரம்பு, வெளியேறும் துவாரத்திலேயே நசுங்குகிறது. வலி பிட்டத்தில் தொடங்கித் தொடையின் வெளிப்புறம் வழியாகப் பாதத்தின் மேல்பக்கம் வரை ஓடும்.

எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை 1932இல் மேயர்டிங் வகுத்த அளவால் இன்றும் சொல்கிறார்கள். கீழ் எலும்பின் மேல்தளத்தை நான்கு பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு (25 சதவீதம்) வரை முதல் கிரேடு, 50 வரை இரண்டாவது, 75 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. தேய்மான வகை பெரும்பாலும் முதல் கிரேடோடு நின்றுவிடும். கிரேடு எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நகர்வின் அளவும் வலியின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

நகர்ந்துவிட்டதாலேயே ஆபரேஷன் கட்டாயம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். ஜப்பானில் தேய்மான வகை நோயாளிகள் 145 பேரை, ஆபரேஷன் இல்லாமல் பத்து வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பார்த்தார்கள். நகர்வு அதிகமானது 34 சதவீதம் பேருக்குத்தான். தொடக்கத்தில் நரம்புக் கோளாறு இல்லாதவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை அப்படியே இருந்தார்கள். ஆனால் நரம்புக் கோளாறு ஏற்கெனவே வந்திருந்தும் ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களில் 83 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமானது. முடிவெடுக்க வேண்டிய இடம் நரம்பு என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆபரேஷனுக்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பழைய வலி எவ்வளவு இருந்தது என்பதே நினைவில் நிற்காது. இப்போதைய வலிதான் பெரிதாகத் தெரியும்.

முதலில், கால் வலிக்கும் முதுகு வலிக்கும் தனித்தனியாக 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். இரண்டையும் சேர்த்து "வலி 8" என்று எழுதினால் பிறகு எதற்கும் உதவாது. எந்தக் கால், எந்தப் பக்கம், எதுவரை ஓடுகிறது என்பதையும் குறியுங்கள்.

அடுத்து நடை. சமதரையில் நடந்து, எத்தனை நிமிடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது என்று போனில் நேரம் பாருங்கள். மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். தேய்மான வகைக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

மூன்றாவது, ஆஸ்வெஸ்ட்ரி என்ற கேள்வித்தாள். வலி, சுயபராமரிப்பு, தூக்குதல், நடத்தல், உட்கார்தல், நிற்றல், தூக்கம், தாம்பத்தியம், வெளியே போய்வருதல், பயணம் என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி இரண்டால் பெருக்கினால் சதவீதம் வரும். அதிகமானால் முடக்கம் அதிகம் என்று பொருள். உங்கள் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டால் கிடைக்கும். பின்னால் ஒப்பிடும்போது பத்துப் புள்ளிக்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியாகத் தசை பலம். குதிகாலில் மட்டும் பத்து அடி, நுனிக்காலில் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள். குதிகாலில் நடக்கும்போது ஒரு பாதம் தொய்ந்து தரையைத் தொட்டால் பெரும்பாலும் எல் 5 நரம்பு பாதித்திருக்கிறது. பலவீனம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்பது முக்கியம். மாதக்கணக்கில் தொய்ந்து கிடந்த பாதம் ஆபரேஷனுக்குப் பின் முழுதாக மீளும் என்று யாரும் உறுதி தர முடியாது. வலி சீக்கிரம் போகும், மரத்துப்போனது மெதுவாகக் குறையும், பலம் கடைசியாகத்தான் திரும்பும்.

நரம்பை மட்டும் விடுவிப்பதா, எலும்பையும் இணைப்பதா

அழுத்தத்தை நீக்குவது மட்டும் டிகம்ப்ரெஷன். அதோடு ஸ்க்ரூ, ராடு (கம்பி), கேஜ் (எலும்புகளுக்கு நடுவே வைக்கும் சிறு கூண்டு) வைத்து இரண்டு முள்ளெலும்பை ஒன்றாக வளரவைப்பது ஃப்யூஷன். தேய்மான வகை முதல் கிரேடில் எது நல்லது என்பதில் நிபுணர்களே ஒருமனதாக இல்லை. 2016இல் ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் திசையில் பேசின. அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த ஆய்வில், ஃப்யூஷன் செய்துகொண்டவர்களின் உடல்நிலை மதிப்பெண் கூடுதலாக உயர்ந்தது. நான்கு வருடத்தில் மறு ஆபரேஷன் அவர்களில் 14 சதவீதம், டிகம்ப்ரெஷன் மட்டும் செய்தவர்களில் 34 சதவீதம். ஸ்வீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சராசரி ஆறரை வருடத்தில் மறு ஆபரேஷன் ஃப்யூஷனில் 22, டிகம்ப்ரெஷனில் 21 சதவீதம். பிறகு 2021இல் நார்வேயில் 267 பேரிடம் பார்த்தபோது, இரண்டாம் வருட முடிவில் போதிய முன்னேற்றம் கண்டவர்கள் டிகம்ப்ரெஷனில் 71.4 சதவீதம், ஃப்யூஷனில் 72.9 சதவீதம்.

ஆகவே டாக்டரிடம் "எனக்கு ஏன் ஸ்க்ரூ?" என்று தயங்காமல் கேளுங்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சில மில்லிமீட்டர் ஆடுகிறது, நரம்பு வெளியேறும் துவாரமே இறுகியிருக்கிறது, நகர்வு இரண்டாம் கிரேடு, நரம்பை விடுவிக்க மூட்டையே பெருமளவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பவை நியாயமான பதில்கள். "நகர்ந்திருக்கிறதே, அதனால்தான்" என்பது போதுமான பதில் இல்லை. குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரே இல்லாமலே ஃப்யூஷன் முடிவாகியிருந்தால் இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது. விரிசல் வகை வேறு கதை. அதில் பின்வளைவு ஏற்கெனவே துண்டுபட்டிருப்பதால் பெரும்பாலும் ஃப்யூஷன்தான் செய்வார்கள்.

நீண்ட கால விளைவுகள்

தேய்மான வகைக்கு அமெரிக்காவின் 13 மையங்களில் நடந்த, ஸ்போர்ட் என்று பெயரிட்ட முதுகெலும்பு ஆய்வு எட்டு வருடம்வரை தொடர்ந்தது. உண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டால், முதல் இரண்டு வருடத்தில் கிடைத்த நன்மை எட்டாம் வருடத்திலும் பெரும்பாலும் நின்றது. மறு ஆபரேஷன் 22 சதவீதம். அவற்றில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே நடந்தவை. இரண்டாம் வருடத்தை நல்லபடியாகத் தாண்டியவர்கள் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

விரிசல் வகையில் ஸ்வீடனில் 111 பேரை வைத்து ஃப்யூஷனையும் உடற்பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். இரண்டாம் வருடத்தில் ஃப்யூஷன் தெளிவாக முன்னே இருந்தது. சராசரி ஒன்பதாம் வருடத்தில் வலி, முடக்க அளவுகளில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இருந்தும் "முன்பைவிட நன்றாக இருக்கிறேன்" என்றவர்கள் ஆபரேஷன் தரப்பில் 76 சதவீதம், பயிற்சித் தரப்பில் 50 சதவீதம். இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எலும்பு கூடும் வருடம்

ஸ்க்ரூவும் ராடும் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடும்வரை தாங்கிப் பிடிப்பது மட்டுமே அவற்றின் வேலை. எலும்பு கூடவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த உலோகமும் ஒருநாள் தளரும், அல்லது வளைந்து வளைந்து களைத்து முறியும். கூடுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

ஸ்க்ரூ வைத்தால் எலும்பு கூடும் வாய்ப்பு அதிகமாகிறது. 1997இல் வந்த ஓர் ஆய்வில் ஸ்க்ரூவோடு 82 சதவீதம் பேருக்கும், ஸ்க்ரூ இல்லாமல் 45 சதவீதம் பேருக்கும் கூடியிருந்தது. வேடிக்கை என்னவென்றால் இரண்டாம் வருடத்தில் இரு குழுவின் நலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஸ்க்ரூ இல்லாமல் ஃப்யூஷன் செய்தவர்களை 5 முதல் 14 வருடம்வரை தொடர்ந்து பார்த்தபோது, எலும்பு நன்றாகக் கூடியவர்களில் 86 சதவீதம் பேருக்கும், கூடாதவர்களில் 56 சதவீதம் பேருக்கும்தான் விளைவு நன்றாக இருந்தது. கூடாத எலும்பு உடனே காட்டிக்கொடுக்காது. வருடங்கள் கழித்துக் கணக்குத் தீர்க்கும்.

எலும்பு கூடாமல் போக நோயாளி கையில் இருக்கும் காரணங்களில் முதலிடம் புகையிலைக்கு. ஓர் ஆய்வில், புகைக்காதவர்களில் 14.2 சதவீதம் பேருக்கும், ஆபரேஷனுக்குப் பின்னும் புகைத்தவர்களில் 26.5 சதவீதம் பேருக்கும் எலும்பு கூடவில்லை. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் நிகோட்டின் உண்டு. பலர் டாக்டரிடம் "சிகரெட் இல்லை" என்று சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி பார்த்துக்கொள்ளுங்கள். 8க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பதே நல்லது. புண் ஆறாது, கிருமி தொற்றும். அறுபதைத் தாண்டிய பெண்கள் எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் பஞ்சுபோன எலும்பில் ஸ்க்ரூ பிடிக்காது. முன்கூட்டியே மருந்து தொடங்க வேண்டியிருக்கும். வைட்டமின் டி அளவையும் அப்போதே சரிசெய்யலாம். முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். அதன்பின் மூன்று மாதத்துக்குள் ஃப்யூஷன் செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

உங்கள் சர்ஜன் சொல்லும் கெடுவே முதன்மை. இங்கே சொல்வது பொதுவான வழக்கம். முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. இடுப்பிலிருந்து குனிவதும், குனிந்தபடி திரும்புவதும் கூடாது. தரையில் விழுந்ததை எடுக்க முட்டியை மடக்கி இறங்குங்கள். நடைதான் மருந்து. முதல் வாரம் ஐந்து நிமிடம் வீதம் நாலைந்து தடவை, பிறகு மெல்ல ஏற்றி ஆறாம் வாரத்தில் ஒரே மூச்சில் இருபது முப்பது நிமிடம். உட்காருவதை அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி எழுந்து நில்லுங்கள்.

மூன்று மாதம்வரை மேற்கத்திய கழிப்பறை. குந்தி உட்காரும்போது இடுப்பு வளைவு எதிர்ப்பக்கம் தள்ளப்பட்டு ஸ்க்ரூ மேல் சுமை ஏறுகிறது. சம்மணமும் அப்படித்தான். ஒரே ஓர் இணைப்பு (இரண்டு முள்ளெலும்பு சேரும் இடம்) மட்டும் ஃப்யூஷனில் கட்டியவர்களில் பெரும்பாலோர் எலும்பு கூடிய பின் மறுபடி தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்; தொடை மூட்டு மடங்குவதே அதற்குப் போதும். மூன்று நான்கு இணைப்பு கட்டியவர்களுக்கு அது கடினம். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இல்லை.

எடையைக் கண்ணால் அளக்காதீர்கள். நிறைகுடம் என்பது 12 முதல் 15 கிலோ. சமையல் கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் முப்பது கிலோவை ஒட்டி வரும். எலும்பு கூடியதைப் படம் காட்டும்வரை இரண்டையும் தூக்க வேண்டாம். சிலிண்டரை அதற்குப் பிறகும் உருட்டிக்கொண்டே போங்கள். இருசக்கர வண்டியில் பின்னால் உட்காருவதில் எடையைவிடக் குழியில் விழும் அதிர்ச்சிதான் ஆபத்து. அதற்கும் மூன்று மாதம் பொறுங்கள்.

செக்கப் வழக்கமாக ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம். எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுத்ததாக இருக்க வேண்டும். படுத்து எடுத்த படம் சுமை ஏறிய எலும்பைக் காட்டாது. ஆறாம் வார நின்ற நிலை எக்ஸ்ரேயைத் தொலைத்துவிடாதீர்கள். பின்னால் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். எலும்பு கூடியதா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது சிடி ஸ்கேன். ஒவ்வொரு செக்கப்புக்கு முந்தின நாளும் அந்த நோட்டை எடுத்து அதே நான்கையும் மறுபடி எழுதுங்கள்.

வலி திரும்பினால் காலண்டரைப் பாருங்கள்

எப்போது வந்தது என்பதே பாதி நோயறிதல். விழித்தெழுந்த உடனே முன்பு இல்லாத புதுக் கால் வலி இருந்தால் ஸ்க்ரூ நரம்பைத் தொடுகிறதா, ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, நாளுக்கு நாள் கூடும் முதுகு வலி என்றால் தொற்றாக இருக்கலாம். ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை உடனே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

மூன்று நான்கு மாதம் நன்றாக இருந்துவிட்டு, நடமாட்டம் கூடக்கூட முதுகு வலி ஏறினால் எலும்பு கூடவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்க்ரூவைச் சுற்றி எக்ஸ்ரேயில் கறுப்பு வளையம் தெரிந்தால் அது தளர்ந்துவிட்டது. பிட்டத்தின் மேல்பகுதியில் ஒரு விரலால் சுட்டிக்காட்டும்படி வலித்தால், குறிப்பாக எஸ் 1 வரை கட்டியவர்களுக்கு, முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுதான் காரணமா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பலமுறை தவறவிடுகிறார்கள்.

இரண்டு மூன்று வருடம் நன்றாக நடந்துவிட்டு, பழையபடி நடந்தால் கால் மரத்துப்போகிறது என்றால் பக்கத்து இணைப்பு தேய்ந்திருக்கலாம், பெரும்பாலும் ஒரு படி மேலே. கட்டிய இடம் அசையாததால் அந்த அசைவை அடுத்தது சுமக்கிறது. இடுப்பு ஃப்யூஷன் செய்தவர்களைப் பார்த்த ஒரு கணிப்பில், பக்கத்து இணைப்புக்காக மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் நிலை ஐந்து வருடத்தில் 16.5 சதவீதம், பத்து வருடத்தில் 36.1 சதவீதம். வயதால் வரும் தேய்மானமும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் இடுப்பின் இயல்பான முன்வளைவு தட்டையாகக் கட்டப்பட்டிருந்தால் இந்த அபாயம் கூடுகிறது. ஆபரேஷனுக்கு முன் "வளைவை எவ்வளவு மீட்கப் போகிறீர்கள்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, பாதம் திடீரெனத் தொய்வது ஆகிய மூன்றில் எது வந்தாலும், எத்தனையாவது வருடமானாலும், அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போங்கள். இரவைக் கடத்தக் கூடாது.

பல வருடம் கழித்து உதவும் காகிதங்கள்

ஸ்க்ரூ, ராடு, கேஜின் அட்டையிலிருந்து ஸ்டிக்கர்களை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். வீட்டுக்குப் புறப்படும் முன் அதைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டிவந்தால், அந்த நிறுவனத்து ஸ்க்ரூவின் தலைக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் ஆபரேஷன் தியேட்டரில் திண்டாட்டம்தான். எம்ஆர்ஐ எடுக்கும் இடத்திலும் இது டைட்டானியமா என்று கேட்பார்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்கி வைத்தால் நல்லது.

பின்னாளில் தொடை மூட்டு மாற்றும் நிலை வந்தால், முதுகு கட்டியிருப்பதை அந்த டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். முதுகு அசையாதவர்களுக்குப் புது மூட்டு நழுவும் அபாயம் கூடுதல். புது மூட்டின் கிண்ணத்தை வைக்கும் கோணத்தை அதற்கேற்ப மாற்றுவார்கள். முதுகில் மயக்க ஊசி போடும் எந்த ஆபரேஷனுக்கும், பிரசவத்துக்கும், மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

மறு ஆபரேஷன் பேச்சு எழுந்தால் பழைய நோட்டைத் திறந்து, இப்போது மதிப்பெண் ஏறியிருப்பது காலிலா முதுகிலா என்று பாருங்கள். கால் வலி, அதற்குப் பொருந்தும் இடத்தில் ஸ்கேனிலும் நரம்பு அழுத்தம் என்றால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்க்ரூ தளர்ந்து எலும்பு கூடாதது சிடியில் உறுதியானால் அதையும் சரிசெய்யலாம். எலும்பு கூடியிருக்கிறது, நரம்பும் சுதந்திரமாக இருக்கிறது, முதுகு மட்டும் வலிக்கிறது என்றால் மறுபடி கத்தியை அனுமதிக்காதீர்கள். பிசியோதெரபிக்கும் வலி மருத்துவ நிபுணரிடமும் ஆறு மாதம் கொடுத்து, அதே நான்கு அளவுகளையும் மாதம் ஒருமுறை எழுதிவாருங்கள்.